50 மி.மீ. லிஃப்ட் செய்த ஜிம்னியில் 235/75 ஆர்15 எம்டி டயர் ஏறுமா?

கரிசல்காட்டான்

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது மாருதியின் ஐந்து கதவு ஜிம்னி, மேனுவல் கியர். நான்கு மாதங்களுக்கு முன் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றி வண்டியை 50 மி.மீ. உயர்த்தினேன். வண்டியோடு வந்த 195/80 ஆர்15 சாலை டயர்கள் ஏறக்குறைய மொட்டையாகிவிட்டதால், அடுத்து 235/75 ஆர்15 அளவில் பெரிய பட்டன் (டயர் முகத்திலுள்ள ரப்பர்க் கட்டி) உள்ள எம்டி டயர், அதாவது சேற்றுக்கான ‘மட் டெரெய்ன்’ டயர், போடலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

கோவில்பட்டிப் பக்கம் எங்களுக்குத் தோட்டம் இருக்கிறது. தார்ச்சாலையிலிருந்து தோட்டத்துக்கு 4 கி.மீ. கரிசல் வண்டிப்பாதை. ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்துவிட்டால் அதில் டி.வி.எஸ். 50 வண்டியைக்கூடத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மாதத்தில் ஒருமுறை ஏதாவது மலைக்குப் போவதுண்டு. மற்ற ஓட்டமெல்லாம் நான்குவழிச் சாலையில்தான். கணக்குப் பார்த்தால் பத்தில் எட்டுப் பங்கு தார்ச்சாலை என்றே சொல்ல வேண்டும்.

லிஃப்ட் பொருத்திய பட்டறையில், “உயர்த்தியாகிவிட்டது, இனி எந்த டயரும் ஏறும்” என்றார்கள். நண்பர் ஒருவரின் 235 சக்கரத்தை இரவல் வாங்கி முன்பக்க இடதுபுறம் மாட்டிப் பார்த்தேன். வண்டி நேராக நிற்கும்போது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு சாண் இடம் இருக்கிறது. ஆனால் ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் டயரின் உள்விளிம்பு, ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் ரேடியஸ் ஆர்மில் உரசுகிறது. மறுபக்கம் ஒடித்தால் பின்னாலிருக்கும் மட்ஃபிளாப்பைத் தொடுகிறது. இவ்வளவு உயர்த்திய பிறகும் ஏன் உரசுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன்: லிஃப்ட் செய்த நாளிலிருந்து 80 கி.மீ. வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் கையில் நிற்காமல் வண்டி இப்படியும் அப்படியும் அலைகிறது. புது டயர் போட்டால் இது சரியாகிவிடுமா?

சிறுமலைவாசி

பட்டறையில் சொன்னது பாதி உண்மைகூட இல்லை. வண்டியை உயர்த்தினால் டயருக்கு இடம் கிடைக்கும் என்பது, வண்டி சமதரையில் நிற்கும்வரை மட்டுமே சரி. ஒரு பாறை மேல் முன்சக்கரம் ஏறி ஸ்பிரிங் முழுவதும் அமுங்கும்போது, ஆக்சில் எங்கே போய் நிற்கிறது? பம்ப் ஸ்டாப்பில். அந்த ரப்பர் கட்டையை நீங்கள் மாற்றவில்லை என்றால், லிஃப்ட்டுக்கு முன் ஆக்சில் எந்த உயரம்வரை மேலே போனதோ அதே உயரம்வரை இப்போதும் போகும். ஆனால் இப்போது அங்கே போவது பெரிய டயர்.

கணக்கைப் பாருங்கள். டயர் அளவில் முதல் எண் மி.மீ.யில் அகலம்; அடுத்தது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது; கடைசி எண் ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 195/80 ஆர்15 டயரின் மொத்த உயரம் 693 மி.மீ.; 235/75 ஆர்15 டயருக்கு 733.5 மி.மீ. ஆரத்தில் வித்தியாசம் 20 மி.மீ. அந்த 20 மி.மீ. டயர் மேலே மட்டும் வளர்வதில்லை. முன்னால் பம்பரை நோக்கியும் பின்னால் மட்ஃபிளாப்பை நோக்கியும் அதே அளவு வளர்கிறது. மேலே உள்ளதைச் சமாளிக்க வழி இருக்கிறது. பம்ப் ஸ்டாப்பின் கீழ் 20 மி.மீ. கட்டை ஒன்றை லேத் பட்டறையில் கடைந்து வைத்தால், பெரிய டயரின் உச்சி பழைய டயரின் உச்சி நின்ற இடத்திலேயே நின்றுவிடும். உயர்த்தாத வண்டியில் இதைச் செய்தால் ஸ்பிரிங் அமுங்கும் தூரத்தில் 20 மி.மீ. பறிபோய், சாதாரண வேகத்தடையிலேயே ‘டொக்’கென்று அடிக்கும். உங்கள் வண்டியில் லிஃப்ட் கொடுத்த கூடுதல் 50 மி.மீ. இருப்பதால் அதிலிருந்து 20ஐக் கழித்துக்கொள்ளலாம். லிஃப்ட் செய்ததால் டயருக்குக் கிடைக்கும் பயன் இந்த வழியாகத்தான் வருகிறது.

முன்னும் பின்னும் உரசுவதற்கும் லிஃப்ட்டுக்கும் சம்பந்தமில்லை, சொல்லப்போனால் லிஃப்ட் அதைச் சற்று மோசமாக்குகிறது. ஜிம்னியின் முன் ஆக்சிலைப் பிடித்திருக்கும் ஆர்ம்களின் கீல், ஆக்சிலுக்குப் பின்னால் சேஸிஸில் இருக்கிறது. சேஸிஸ் உயர்ந்ததும் அந்த ஆர்ம் சாய்கிறது; சாய்ந்த அளவுக்கு ஆக்சில் சில மில்லிமீட்டர் பின்னுக்கு வருகிறது. மட்ஃபிளாப் உரசுவதில் இதற்கும் பங்கு உண்டு.

டயர் வாங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்யுங்கள். சேஸிஸை ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, முன்பக்கக் காயில் ஸ்பிரிங் இரண்டையும் கழற்றிவிட்டு, இரவல் சக்கரத்தை மாட்டி, அந்தப் பக்கத்து ஆக்சிலை மட்டும் ஜாக்கியால் பம்ப் ஸ்டாப் தொடும்வரை ஏற்றுங்கள். மறுபக்கம் தொங்கட்டும். இந்த நிலையில் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பி, உரசும் இடங்களிலெல்லாம் சாக்பீஸால் குறியிடுங்கள். பிரேக் ஹோஸ் விறைப்பாகிறதா என்பதையும் தொங்கும் பக்கத்தில் பார்த்துவிடுங்கள். அரை நாள் வேலை. ஒரு ஜோடி டயரின் விலை மிச்சமாகும்.

பழைய ஜிப்ஸி

தம்பி, நான் வால்பாறைப் பக்கம் எஸ்டேட் வேலையில் இருந்தவன். ஆழியாறிலிருந்து மேலே ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் இருபது வருடம் ஜிப்ஸி ஓட்டியிருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்தவுடன் என் பழைய முட்டாள்தனம் நினைவுக்கு வந்ததால் எழுதுகிறேன்.

என்னுடையது 1.3 லிட்டர், 80 குதிரைத்திறன் எம்பிஎஃப்ஐ வண்டி. அதற்குரிய டயர் 205/70 ஆர்15. உயரம் 668 மி.மீ. ஜிப்ஸியில் பட்டை ஸ்பிரிங் ஆக்சிலுக்குக் கீழே இருக்கும். அதைத் தூக்கி ஆக்சிலுக்கு மேலே உட்கார வைத்தால் ஒரே நாளில் ஐந்து அங்குலத்துக்குக் குறையாமல் உயரம் கிடைக்கும் என்று ஒருவர் சொல்லக் கேட்டு, நான் அதையும் செய்து, இதே 235/75 எம்டி டயரையும் ஏற்றினேன். பார்ப்பதற்கு யானைக்குட்டி போல இருந்தது. எஸ்டேட் பிள்ளைகள் வண்டிக்குப் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

அந்தப் பெருமை முதல் ஏற்றம் வரையில்தான் நீடித்தது. டயரின் உயரம் பத்து விழுக்காடு கூடியதால், கியர் எல்லாமே பத்து விழுக்காடு நீண்டுவிட்டது போல ஆயிற்று. மூன்றாவதில் ஏறிய வளைவுகளை இரண்டாவதில் ஏற வேண்டியிருந்தது. ஐந்தாவது கியர் என்று ஒன்று இருப்பதையே மறந்துபோனேன். இறக்கத்தில் அதைவிடப் பெரிய தொல்லை. எஞ்சின் பிடித்து நிறுத்தும் தன்மை குறைந்ததால் பிரேக்கை மிதித்துக்கொண்டே வர வேண்டியதாகி, ஒருநாள் அடிவாரத்துக்கு வருவதற்குள் பெடல் கீழே போய்விட்டது. சக்கரத்தில் கைவைக்க முடியாத சூடு. ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஸ்பிரிங்கை மேலே மாற்றியதால் ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் பின் ஆக்சில் முறுக்கிக்கொண்டு, எட்டு மாதத்துக்குள் இரண்டு முறை புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (மூட்டு) போயிற்று.

பிறகு ஸ்பிரிங்கை உரிய இடத்துக்கே இறக்கி, 215/75 அளவில் ஒல்லியான டயர் போட்டு, வண்டியை விற்கும்வரை அப்படியே ஓட்டினேன். ஜிம்னியின் எஞ்சின் என்னுடையதைவிடப் பெரியது, நான் மறுக்கவில்லை. இருந்தாலும் 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்பது பெரிய டயரைச் சுழற்றுவதற்காகச் செய்யப்பட்டது அல்ல.

கரிசல்காட்டான்

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு 235 வேண்டுமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் எம்டி என்பதில் நான் மாற மாட்டேன். கரிசலில் ஏடி (‘ஆல் டெரெய்ன்’, தார், மண் இரண்டுக்குமான) டயரின் கதி என்ன என்பதை என் சித்தப்பா மகனின் பொலிரோவில் கண்ணால் பார்த்திருக்கிறேன். இருபது அடி போவதற்குள் பட்டன்களுக்கு நடுவே மண் அப்பிக்கொண்டு, டயர் கருப்பு மொத்தையாக, உளுந்து வடைமாவில் உருட்டிய உருண்டை போல ஆகிவிட்டது. அதற்குப் பிறகு சுற்றுவது டயர் அல்ல, மண்தான்.

அலைன்மென்ட் மேசை

நான் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருப்பவன். ஸ்டியரிங் அலைவதைப் பற்றி யாரும் பதில் சொல்லாததால் எழுதுகிறேன். அது டயரால் வந்ததும் அல்ல, டயர் மாற்றினால் போகப்போவதும் அல்ல.

சிறுமலைவாசி சொன்ன அதே ஆர்ம்தான் இதற்கும் காரணம். ஜிம்னியில் அந்த ஆர்ம் ஆக்சிலோடு இரண்டு புஷ் வைத்து இறுக்கமாகப் பிணைக்கப்பட்டிருக்கிறது. சேஸிஸ் உயரும்போது ஆர்மின் பின்முனை மேலே போகிறது. அதனால் ஆக்சில் உருண்டு, அதன் மேற்பகுதி முன்பக்கம் சாய்கிறது. சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைத்தான் கேஸ்டர் என்கிறோம். அது இருப்பதால்தான் வளைவில் ஒடித்துவிட்டுக் கையை விட்டால் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வருகிறது. லிஃப்ட் அந்தச் சாய்வைத் தின்றுவிடுகிறது. 50 மி.மீ. உயர்த்திய வண்டிகள் என் கடைக்கு வரும்போது, பலவற்றில் கேஸ்டர் பெயருக்குத்தான் மிஞ்சியிருக்கும். வண்டிக்காரர்களோ ‘டோ’வை (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ பார்த்திருக்கும் கோணம்) மட்டும் பார்த்துவிட்டு விடுங்கள் என்பார்கள். ஜிம்னி போன்ற முழு ஆக்சில் வண்டியில் அலைன்மென்ட் மெஷினில் திருகிச் சரிசெய்யக்கூடியது டோ ஒன்றுதான். கேஸ்டரைத் திருப்ப எங்களிடம் போல்ட் எதுவும் கிடையாது. துளை நடுவில் இல்லாமல் ஒதுங்கியிருக்கும் கேஸ்டர் புஷ்களை ஆர்மில் அழுத்தி மாட்ட வேண்டும், அல்லது ஆர்மின் கீலைக் கீழே இறக்கும் பிராக்கெட் போட வேண்டும். லிஃப்ட் கிட்டோடு அந்தப் புஷ் வந்திருந்ததா, அதைப் பொருத்தினார்களா என்று பட்டறையில் கேளுங்கள். பல முறை அது பெட்டியிலேயே கிடக்கும், ஏனென்றால் அதை மாட்டப் பிரஸ் வேண்டும், நேரமும் பிடிக்கும்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆக்சிலைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் பான்ஹார்டு ராடு நீளம் மாறாத கம்பி. சேஸிஸ் உயர்ந்தால் அது ஆக்சிலை ஒரு பக்கமாக இழுத்துவிடும். முன்சக்கரம் இடது மட்கார்டுக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, வலதில் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் கணிசமாக இருந்தால் நீளம் மாற்றக்கூடிய ராடு போடுவது நல்லது.

இதையெல்லாம் சரிசெய்யாமல் கனமான எம்டி டயரை மாட்டினால், இப்போது அலைவதாகச் சொல்லும் வண்டி அப்போது உதற ஆரம்பிக்கும். 60–70 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்டியரிங் கையைப் பிய்த்துக்கொண்டு போவது போல ஆடும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினால்தான் அடங்கும். கிங்பின் பேரிங் (சக்கரம் திரும்பும் அச்சிலுள்ளது) தளர்ந்த வண்டிகளில் இது சர்வசாதாரணம். உதறலை அடக்கும் ஸ்டியரிங் டாம்பரை மாற்றினால் போய்விடும் என்று விற்பார்கள். கொஞ்ச நாள் மறைந்திருக்கும், பிறகு வந்துவிடும்.

தேரிமண்

எம்டி என்றால் எந்த மண்ணிலும் ஏறும் என்ற நம்பிக்கையோடு இந்த இழையைப் படிக்கிறவர்களுக்காக ஒரு காட்சியைச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கரிசலுக்கு இது பொருந்தாது என்று தெரிந்தே.

எங்கள் ஊர் சாத்தான்குளம் வட்டாரம். குதிரைமொழித் தேரி பக்கத்தில்தான். தேரி என்றால் காற்று கொண்டுவந்து குவித்த செந்நிற மணல். காய்ந்து கிடக்கும்போது மாவு மாதிரி. போன வருடம் வெளியூரிலிருந்து வந்த ஒருவர், எல்லாம் புதிதாக எம்டி டயர் மாட்டிய பெரிய வண்டியில், எங்கள் உறவினர் ஒருவரின் பனந்தோப்புக்குள் காற்றைக் குறைக்காமல் இறங்கினார். வண்டி நின்றதும் ஆக்சிலேட்டரை அழுத்தினார். அந்தப் பட்டன் டயர்கள் நான்கும் நான்கு மண்வெட்டி போல வேலை செய்ததில், எண்ணி ஐந்து நொடிக்குள் ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிட்டது. பதநீர்க் குடம் ஏற்றிவரும் எங்கள் பழைய மகேந்திரா ஜீப், பட்டன் தேய்ந்து வழுவழுப்பான டயரோடு, அரைக்காற்றில், அவர் பக்கத்திலேயே போய்த் திரும்பி வந்தது. மணலில் டயர் தோண்டக்கூடாது, மிதக்க வேண்டும். காற்றை 14 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் டயர் தரையில் படியும் நீளம் கூடும். அதுதான் மிதக்க வைக்கிறது. பிறகு அவரிடம் காற்றை இறக்கச் சொன்னோம். பலகையும் வைக்காமல் பின்னோக்கி வெளியே வந்துவிட்டார்.

ஒரு விஷயம்: தேரியில் கணிசமான பகுதி காப்புக்காடு. வண்டியை இறக்குவதற்கு முன் யாருடைய நிலம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

சிறுமலைவாசி

தேரிமண் சொன்னது சரி. கரிசல்காட்டானுடையதும் சரி. கரிசல் ஈரத்தில் உப்பிப் பிசுபிசுக்கும் களிமண். அதில் இரண்டு வேலை நடக்க வேண்டும். மேலே உள்ள கூழைப் பிதுக்கிக்கொண்டு டயர் கீழேயிருக்கும் சற்றுக் கெட்டியான மண்ணைத் தொட வேண்டும். பட்டன்களுக்கு நடுவே புகுந்த மண் ஒவ்வொரு சுற்றிலும் தெறித்து வெளியேற வேண்டும். இரண்டாவதற்குத்தான் எம்டியின் அகன்ற சந்துகள். முதலாவதற்கு அகலமான டயர் எதிரி.

ஆகவே உங்கள் தேவைக்கு எம்டி என்பது பொருந்துகிறது. 235 என்பதுதான் பொருந்தவில்லை. 215/75 ஆர்15 அளவில் எம்டி டயர் கிடைக்கிறது. உயரம் 703.5 மி.மீ.; ஆரம் 5 மி.மீ.தான் கூடுகிறது. கம்பெனி ரிம் 5.5 அங்குல அகலம். 215/75க்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் அங்கேதான் தொடங்குகிறது, 235/75க்கோ 6 அங்குலத்தில்தான் தொடங்குகிறது. குறுகிய ரிம்மில் 235ஐ ஏற்றினால் டயரின் முகம் நடுவில் புடைத்துக்கொண்டு, நடுப்பட்டன்கள் முதலில் தேயும். எனவே 235 போடுபவர் ரிம்மும் வாங்க வேண்டும், ரிம் வாங்கினால் ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பொருந்தும் முகம் விலகியிருக்கும் அளவு) பார்க்க வேண்டும், ஆஃப்செட் மாறினால் மட்கார்டைப் பார்க்க வேண்டும். ஒரு ஆட்டை வாங்கி அதற்குக் கயிறு, கயிற்றுக்கு முளை, முளைக்குச் சுத்தியல் என்று போகும் கதைதான்.

முப்பத்துமூன்று

நான் மாறுபடுகிறேன். என் ஜிம்னியில் இரண்டு வருடமாக 235/75 எம்டிதான் ஓடுகிறது, இதே 50 மி.மீ. லிஃப்ட்டில். மேலே எழுதிய எல்லாவற்றையும் நான் செய்திருக்கிறேன்: கேஸ்டர் புஷ், பம்ப் ஸ்டாப் கட்டை, 7 அங்குல ரிம், மைனஸ் 10 ஆஃப்செட். கம்பெனி ரிம் 5.5 அங்குலம், பிளஸ் 5. மாற்றியதில் ரிம்மின் வெளிவிளிம்பு 34 மி.மீ. வெளியே போகிறது, உள்விளிம்பு 4 மி.மீ. மட்டுமே உள்ளே வருகிறது. ஸ்டியரிங் ஒடியும் எல்லையைக் கட்டுப்படுத்தும் லாக் போல்ட்டை இரண்டு சுற்று வெளியே திருகியதும் ஆர்மில் உரசுவது நின்றது. திரும்பும் வட்டம் சற்றுக் கூடியது, அவ்வளவுதான். முன் பம்பரின் கீழ்மூலையை மட்டும் அறுத்தேன்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்றால், லிஃப்ட் தராத ஒன்றை டயர் மட்டுமே தருகிறது என்பதால். ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃப்ரன்ஷியல் உருண்டை (ஆக்சிலிலுள்ள கியர் கூடு) தரையிலிருந்து இருந்த உயரத்திலேயே இருக்கிறது, ஏனெனில் அது ஆக்சிலோடு சேர்ந்தது. 210 மி.மீ.யை 230 ஆக்க டயரின் ஆரத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியே கிடையாது. 215/75 போட்டால் 215. பாறைப் பாதையில் அந்த 15 மி.மீ. வித்தியாசத்தில்தான் நான் தட்டாமல் போகிறேன், என் நண்பர் தட்டிக்கொண்டு போகிறார். ஜிப்ஸி ஐயா சொன்ன இழுவைக் குறைவு உண்மை, ஆனால் ஜிம்னியில் அது பத்து விழுக்காடு அல்ல, ஆறுக்கும் சற்றுக் குறைவு. 4எல் (நான்கு சக்கர இழுவை, மெதுவான விகிதம்) முதல் கியரில் மொத்த விகிதம் 36க்கு 1 என்றிருந்தது 34க்கு 1 போல ஆகிறது. ஓட்டும்போது தெரிகிறது, ஆனால் தொந்தரவாக இல்லை.

மறைக்காமல் ஒன்றைச் சொல்ல வேண்டும். பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி. ஐந்தாவது சக்கரத்தையும் அதே அளவில் வைத்தாக வேண்டும், ஏனெனில் ஜிம்னியில் 4எச் (நான்கு சக்கர இழுவை, வேக விகிதம்) போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். உயரம் வேறான டயரோடு அப்படி ஓட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் பாழாகும். அந்தக் கனமான சக்கரத்தைச் சுமந்து என் கதவின் கீல் ஒன்றரை வருடத்தில் இறங்கிவிட்டது. இப்போது கதவைத் தூக்கித்தான் சாத்துகிறேன்.

பழைய ஜிப்ஸி

நீங்கள் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள் தம்பி, அதனால் ஓடுகிறது. நான் எழுதியது பாதி செய்துவிட்டு நிறுத்துகிறவர்களுக்காக. மழைக்காலத்தில் மலை இறங்கும்போது அந்த டயரின் பிடிப்பு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் எழுதுங்களேன்.

முப்பத்துமூன்று

சொல்கிறேன் ஐயா. ஈரமான தாரில் சுமாருக்கும் கீழ்தான். பட்டன் பெரிது, பட்டனின் முகத்தில் நுண்கீறல்கள் குறைவு, ரப்பரும் கெட்டி. கம்பெனி டயரில் நின்ற தூரத்தில் இது நிற்காது. நான் மழையில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, முன்வண்டிக்குக் கூடுதல் இடம் விட்டுப் போகிறேன். பத்தில் எட்டுப் பங்கு நான்குவழிச் சாலை என்று சொல்பவர் இதை யோசிக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. இரைச்சல் பற்றிச் சொல்லவே வேண்டாம். 90இல் போனால் பின்னிருக்கையில் அம்மா பேசுவது கேட்காது.

நோட்டீஸ் வாங்கியவன்

இழை டயரைப் பற்றியது என்பதால் சுருக்கமாகவே எழுதுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுச் சட்டத்திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். லிஃப்ட் ஒன்று, மட்கார்டுக்கு வெளியே நீட்டும் டயர் ஒன்று என்று தனித்தனியாக எண்ணினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். விபத்து என்று வந்துவிட்டால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் கேட்பதும் இதைத்தான். என் வண்டியை நிறுத்தியவர் லிஃப்ட்டைக் கவனிக்கவே இல்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த டயர்தான் அவர் கண்ணில் பட்டது.

கரிசல்காட்டான்

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மழைக்காகக் காத்திருந்தேன்.

முதலில் பட்டறைக்குப் போய்க் கேஸ்டர் புஷ் எங்கே என்று கேட்டேன். லிஃப்ட் கிட் பெட்டியைத் தேடி எடுத்தார்கள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நான்கு புஷ்ஷும் உள்ளே இருந்தன. சண்டை போட்டுப் பயனில்லை என்று வேறு இடத்தில் கொடுத்துப் பிரஸ் செய்து மாட்டினேன். மாட்டுவதற்கு முன் மெஷினில் இடதுபக்கக் கேஸ்டர் ஒரு டிகிரிக்கும் குறைவாக இருந்தது. மாட்டிய அன்று நான்குவழிச் சாலையில் 90இல் போனபோது, வண்டியை உயர்த்துவதற்கு முன் ஸ்டியரிங் எப்படி இருந்தது என்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

பிறகு சிறுமலைவாசி சொன்ன பரிசோதனையை இரவல் 235 சக்கரத்தோடு செய்தேன். ஸ்பிரிங்கைக் கழற்றி ஜாக்கியை ஏற்ற ஏற்ற, அந்த ஒரு சாண் இடம் என் கண் முன்னாலேயே சுருங்கி, பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு முன்பே டயர் மட்கார்டின் உள் பிளாஸ்டிக்கில் போய் முட்டியது. சாக்பீஸ் குறிகள் ஐந்து இடங்களில். அன்று மாலையே 215/75 ஆர்15 எம்டிக்குச் சொல்லிவிட்டேன், கம்பெனி ரிம்மிலேயே. அந்த அளவில் எங்கும் உரசவில்லை. முழு ஒடிப்பில் ஆர்முக்கும் டயருக்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழைகிறது.

காற்று விஷயத்தில் ஒரு பாடுபட்டேன். பஞ்சர் கடையில், “இது லாரி மாதிரி டயர் சார்” என்று சொல்லி 38 பிஎஸ்ஐ ஏற்றிவிட்டார்கள். வண்டி கல்லில் பந்து போலத் துள்ளியது. இந்த டயர்கள் லைட் டிரக் வகை, ஒவ்வொன்றும் தாங்கும் எடையோடு ஒப்பிட்டால் 1,200 கிலோ ஜிம்னி ஒரு பொருட்டே அல்ல. டயரின் முகத்தில் குறுக்காகச் சாக்பீஸ் கோடு போட்டு நேராக இருநூறு அடி ஓட்டிப் பார்த்தேன். நடுவில் மட்டும் கோடு அழிந்து இருபுறமும் அப்படியே இருந்தது. இரண்டிரண்டாகக் குறைத்து 28க்கு வந்தபோது கோடு சீராக அழிந்தது.

போன வியாழனும் வெள்ளியும் மழை. சனிக்கிழமை காலை 4எல் போட்டு, காற்றை 18க்கு இறக்கி, இரண்டாவது கியரில் தோட்டத்துப் பாதையில் இறங்கினேன். முதல் அரை கிலோமீட்டர் மெதுவாகப் போனதில் எம்டியிலும் மண் அப்பத் தொடங்கியது. ஆக்சிலேட்டரைச் சற்றுக் கூட்டிச் சக்கரம் வேகமாகச் சுற்றியவுடன், கட்டி கட்டியாகத் தெறித்து மட்கார்டுக்குள் மத்தளம் வாசித்தது. நிறுத்தாமல் போனதில் ஓடைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில்தான் மாட்டினேன். முன் டிஃப்ரன்ஷியல் வண்டித்தடத்தின் நடுமேட்டில் உட்கார்ந்துவிட்டது. முப்பத்துமூன்று சொன்ன அந்த 15 மி.மீ. இருந்திருந்தால் தப்பியிருப்பேனா என்று மண்வெட்டியோடு குனிந்தபோது நினைத்துக்கொண்டேன். பக்கத்துப் புஞ்சைக்காரர் தன் டிராக்டரைக் கொண்டுவருவதற்குள் நானே வெட்டி எடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கழுவும்போது மட்கார்டின் உள்ளேயிருந்து இரண்டு சட்டி மண் வந்தது. அது காய்ந்து கல்லாகிவிட்டால் டயர் அதில் உரசுமோ என்று ஒரு சந்தேகம். முன்பக்க உள் பிளாஸ்டிக்கை ஒவ்வொரு மழைக்கும் கழற்றிக் கழுவுகிறீர்களா, அல்லது ஜெட் அடித்தாலே போதுமா?

முப்பத்துமூன்று

கழற்ற வேண்டாம். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுவதும் ஒடித்துவைத்துக் கீழிருந்து மேலே அடியுங்கள். சக்கரத்தின் உட்பக்கம், ரிம்முக்குள்ளே ஒட்டியிருக்கும் மண்ணை மறக்காதீர்கள். அது இருந்தால் மறுநாள் தார்ச்சாலையில் ஸ்டியரிங் உதறும்; நீங்கள் நேரே அலைன்மென்ட் கடைக்காரரைத் திட்டப் போவீர்கள்.

அலைன்மென்ட் மேசை

திட்டினால் பரவாயில்லை, வண்டியைக் கழுவிவிட்டு வந்து திட்டட்டும்.